நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால்

ஓஹியோவின் தலைநகரான கொலம்பஸைச் சுற்றி எந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் போனாலும் ‘ஆமிஷ்’ என்று எழுதிய பலகை ஒன்றாவது கண்ணில் படும். வீட்டுக்கு மின்கம்பி இழுக்காமல், தங்களுக்கென ஓர் ஒழுங்கோடு தனித்து வாழும் கிறிஸ்தவச் சமூகம் ஆமிஷ். ஆமிஷ் கட்டில், ஆமிஷ் வெண்ணெய், ஆமிஷ் கோழி, தோட்டத்தில் வைக்கும் ஆமிஷ் கொட்டகை. சொந்த வீடு வாங்கிய நம் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடுகிறது. அட்டைப்பெட்டியில் வந்து நாமே திருகி மாட்டிய மேசையைக் கழித்துவிட்டு, நிஜ மரத்தில் ஒரு சாப்பாட்டு மேசை வேண்டும். உடனே யாராவது சொல்வார்கள்: “ஆமிஷ் கடையில வாங்குங்க, பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும்.” இதில் பாதி உண்மை. மீதிப் பாதி பல வருஷமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நல்ல பொருளைத் தேடிக் கிளம்புகிறவர்கள் அந்தப் பெயரைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். விற்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அதை யார் போடலாம், யார் போடக் கூடாது என்று சொல்ல ஒரு சங்கமோ முத்திரையோ கிடையாது. ஆமிஷ்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போடுவதைப் பொதுவாகத் தவிர்ப்பவர்கள். அதனால் தங்கள் பெயரை யாரோ பலகையில் எழுதியதற்காக அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பப்போவதும் இல்லை. 2008, 2009 வாக்கில் இங்கே செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. கணப்பு மாதிரியே தெரியும் மின்சார ஹீட்டர் அது. படத்தில் தாடியும் வைக்கோல் தொப்பியும் வைத்த ஆண்கள் அதைச் செய்துகொண்டிருப்பார்கள். சுற்றிப் போர்த்தியிருந்த மரச்சட்டத்தை ஆமிஷ்காரர்கள் செய்தார்கள், அது உண்மைதான். உள்ளே சூடு தருகிற யந்திரம் சீனாவிலிருந்து வந்தது. வீட்டுக்குள் மின்கம்பி இழுக்க மறுத்த ஒரு சமூகத்தின் பெயரில், சுவரில் செருகி எரிய வைக்கும் ஒரு சாதனம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு விளம்பரமானது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த முரண் தோன்றியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

பெரிய சாலையும் சிறிய சாலையும்

கொலம்பஸிலிருந்து 62ஆம் நெடுஞ்சாலையில் வடகிழக்காகப் போனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஹோம்ஸ் மாவட்டம். அதையும் அக்கம்பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்தால் 35,000க்கு மேற்பட்ட ஆமிஷ் மக்கள் வாழ்கிறார்கள். பென்சில்வேனியாவின் லான்காஸ்டருக்கு இணையாகச் சொல்லப்படும் இடம். மில்லர்ஸ்பர்க் தாண்டி பெர்லின் என்ற சிற்றூர் வரும்போதே காட்சி மாறிவிடும். சாலையின் இரு பக்கமும் கடைகள், சுற்றுலாப் பேருந்துகள், வாசலில் வரிசையாக ஆடும் நாற்காலிகள். பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஜாம், சீஸ், மெழுகுவர்த்தி என்று பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே விற்பது எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே அலமாரியில் பக்கத்துக் கிராமத்துத் தேன் ஒரு பாட்டிலும், கப்பலில் வந்த பொம்மைக் குதிரைவண்டி ஒன்றும் அருகருகே நிற்கும். எது எங்கிருந்து வந்தது என்று அலமாரி சொல்லாது.

பெர்லினிலிருந்து மவுண்ட் ஹோப் பக்கமோ சார்ம் பக்கமோ, எண் மட்டும் போட்ட சிறிய சாலைகளில் திரும்பினால் வேறு உலகம். வீட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் கையால் எழுதிய சின்னப் பலகை இருக்கும். ‘நாற்காலி’, ‘கூடை’, ‘முட்டை’, அதற்குக் கீழே ‘ஞாயிறு விற்பனை இல்லை’. ‘ஆமிஷ்’ என்ற சொல்லை அந்தப் பலகைகளில் நான் அனேகமாகப் பார்த்ததே இல்லை. தன் வீட்டு வாசலில் தன் சாதியை யாரும் எழுதி வைக்காதது போலத்தான். வாங்க வருகிறவர்களுக்காகப் பெரிய சாலையில்தான் அந்தச் சொல் தேவைப்படுகிறது.

இவ்வளவு பட்டறைகள் எப்படி வந்தன என்பது தெரிந்தால் பொருளைப் பார்க்கும் பார்வையும் மாறும். ஆமிஷ் என்றால் விவசாயி என்ற படம் நம் மனதில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆறேழு குழந்தைகள் சாதாரணம். வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஞானஸ்நானம் பெற்று அதே சமூகத்திலேயே இருந்துவிடுகிறார்கள். அதனால் சுமார் 20 வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகை இரட்டிப்பாகிறது. நிலம் அப்படிப் பெருகுமா? 1970களிலிருந்து விளைநில விலை ஏறியதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பண்ணை வாங்கித் தர முடியாமல் போனது. வெளியூர்த் தொழிற்சாலைக்கு அனுப்பினால் அப்பா நாள் முழுக்க வீட்டில் இருக்க மாட்டார், அது வேண்டாம் என்று நினைத்தார்கள். அப்புறம்தான் மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் பட்டறைகள் முளைத்தன. இன்றைக்கு ஹோம்ஸில் விவசாயத்தை மட்டும் நம்பி வாழும் குடும்பங்கள் சிறுபான்மை. பழங்காலத்திலிருந்து மாறாமல் வரும் கைத்தொழில் என்று விளம்பரம் சொல்வதில் பெரும்பகுதி, அரை நூற்றாண்டுக்குள் நிலப் பற்றாக்குறையால் உருவான தொழில். அதனால் அதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை, கூடத்தான் செய்தது. பிள்ளைகளை ஊரோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தில் பிறந்த தொழில் அது.

மின்கம்பி இல்லாத பட்டறை

நான் போன நாற்காலிப் பட்டறை சரளைக்கல் பாதையின் கடைசியில் இருந்தது. முதலில் காதில் விழுந்தது டீசல் எஞ்சின் சத்தம். தனிக் கொட்டகையில் ஓடுகிற அந்த ஒரு எஞ்சின்தான் பட்டறை முழுவதற்கும் உயிர். தரைக்கு அடியில் நீளமான ஒரு இரும்புத் தண்டு சுழல்கிறது. அதிலிருந்து பெல்ட் வழியாக ரம்பமும் இழைப்பு யந்திரமும் ஓடுகின்றன. அதே எஞ்சின் காற்றை அழுத்திப் பெரிய தொட்டிகளில் நிரப்புகிறது. கையில் பிடிக்கும் கருவிகளெல்லாம் அந்தக் காற்றில் வேலை செய்கின்றன. கடையில் வாங்கிய நல்ல யந்திரத்திலிருந்து மின்மோட்டாரைக் கழற்றிவிட்டு, காற்றிலோ எண்ணெய் அழுத்தத்திலோ ஓடும் மோட்டாரைப் பொருத்தித் தருவதற்கென்றே ஆமிஷ் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். மின்சாரத்தின் மேல் அவர்களுக்குப் பகை இல்லை. வெளி உலகத்தோடு நிரந்தரமாகக் கட்டிப்போடுகிற கம்பி வேண்டாம் என்பதுதான் பேச்சு. எது கூடும் எது கூடாது என்பதை ஒவ்வொரு சபையும் ‘ஆர்ட்நுங்’ என்ற தன் ஒழுங்குமுறையில் தீர்மானித்துக்கொள்கிறது. அதனால் ஒரு பட்டறையில் சூரியத் தகடும் பேட்டரியும் இருக்கும். இரண்டு மைல் தள்ளி, மிகக் கண்டிப்பான ஸ்வார்ட்ஸன்ட்ரூபர் பிரிவினரிடம் அதில் எதுவும் இருக்காது.

உள்ளே ஐந்தாறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ‘கையால் செய்தது’ என்று கடைச்சீட்டில் போடுகிறார்களே, அதை நம்பிப் போனவர்களுக்கு அந்தச் சத்தமும் தூசியும் ஏமாற்றமாக இருக்கலாம். கால்களைக் கடைவது யந்திரம், துளை போடுவது யந்திரம். கையும் கண்ணும் இறங்குவது வேறு இடங்களில். எந்தப் பலகையை எந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினால் ரேகை சேரும், எந்தக் கணு காலுக்கு ஆகாது, எங்கே உப்புத்தாள் போதும் என்பதையெல்லாம் ஒருவர் நின்று தீர்மானிக்கிறார். அந்த நாற்காலி நன்றாக வருவது யந்திரத்தை ஒதுக்கியதால் அல்ல. தீர்மானம் எடுக்கிற ஆளும் அதற்குப் பதில் சொல்கிற ஆளும் ஒருவராகவே இருப்பதால்தான் நன்றாக வருகிறது. இது எனக்குப் புரிந்தது பட்டறையின் மறு கோடிக்குப் போனபோது.

அங்கே முடிந்த நாற்காலிகள் லாரிக்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு பையன் ஒவ்வொன்றின் பின்னாலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். அதில் இருந்தது எங்கள் பக்கத்து ஷோரூம் ஒன்றின் பெயர். அதே நாற்காலியை, அதே வளைந்த முதுகுச் சட்டங்களை, அந்த ஷோரூமில் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை கேட்டுத் திரும்பியிருந்தேன். பட்டறையில் சொன்ன விலை அதில் ஏறக்குறைய பாதி. வாடகை, போக்குவரத்து, விற்கிறவர் சம்பளம் எல்லாம் சேரும்தான், அதில் குறை சொல்ல முடியாது. எனக்கு உறுத்தியது அந்த ஸ்டிக்கர். செய்தவர் இங்கே நிற்கிறார். பொருளில் இன்னொருவர் பெயர். அறுபது வயதிருக்கும் பட்டறைக்காரரிடம் கேட்டேன்: உங்களுக்கு இது வருத்தமாக இல்லையா?

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ஆங்கிலத்தில் நிதானமாகத்தான் பேசினார், வீட்டில் அவர்கள் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன். “யார் பெயரில் வேண்டுமானாலும் போகட்டும். உடைந்தால் இங்கேதான் வரும்” என்றார். சொல்லிவிட்டு ஒரு நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தார். உட்காரும் பலகையின் அடியில் பென்சிலால் ஒரு எண். எந்த வாரம் ஒட்டியது, மரம் எந்த லோடு, யார் ஒட்டினார் என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்து நோட்டுப் புத்தகத்தில் கண்டுபிடிக்க முடியும். முன்பொரு கோடையில் ஈரம் சரியாக இறங்காத மரம் வந்திருக்கிறது. சில மாதம் கழித்து, ஹீட்டர் போடும் குளிர்காலத்தில், கால் ஆடுகிறது என்று நாற்காலிகள் திரும்பி வர ஆரம்பித்தன. எண்ணைப் பார்த்தார், லோடைப் பிடித்தார், அதே மரத்தில் செய்த மற்ற நாற்காலிகளும் எந்தெந்தக் கடைக்குப் போயின என்று பார்த்து, ஆடாதவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார். உத்தரவாதப் பத்திரம் ஏதாவது தருவீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்று அவரிடம் இல்லை. “நான் இங்கேதானே இருக்கிறேன்” என்றார்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு நிலை வைத்த ஆசாரி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். மழைக்காலத்தில் கதவு இறுகினால் அப்பா ஆள் அனுப்புவார், அவர் இழைப்புளியோடு வந்து நிற்பார், அதற்குத் தனியாகக் கூலி பேசியதாக நினைவில்லை. செய்தவர் நம் கண்ணெதிரே வயதாகிக்கொண்டு அதே ஊரில் இருப்பதே பொருளுக்கு ஒரு காவல். ஹோம்ஸில் அந்தக் காவல் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் வேண்டுமென்றே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பட்டறை மிகவும் பெரிதானால் சபையில் பேச்சு வரும். ஒருவரே ஊருக்குப் பெரிய முதலாளியாகிவிடக் கூடாது என்பதால் சிலர் தொழிலை இரண்டாகப் பிரித்துத் தம்பிக்கோ மருமகனுக்கோ கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பட்டறை நாற்காலி மட்டும் செய்யும், இன்னொன்று மேசைப்பலகை, மற்றொன்று கடைசல் கால்கள், வார்னிஷ் அடிப்பது வேறொரு குடும்பம். நம் வீட்டுக்கு வரும் ஒரு ‘ஆமிஷ் மேசை’ மூன்று நான்கு குடும்பங்களைத் தாண்டி வந்திருக்கும். ஒருவர் சொதப்பினால் அடுத்தவருக்கு உடனே தெரியும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பட்டறைக்காரர் தன் பெயரைப் பொறிக்காததற்கு அவர்கள் நம்பிக்கையில் காரணம் இருக்கிறது. தன்னை முன்னிறுத்துவது அகந்தை, அது பாவம். வீட்டுக்குள் அந்த அடக்கம் ஒரு நல்ல குணம். ஆனால் அதே குணம்தான் சந்தைக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. செய்தவர் பெயர் இல்லாத இடத்தில் ‘ஆமிஷ்’ என்ற பொதுப்பெயரை ஒட்டிக்கொள்வது எளிது. அப்புறம் பென்சில் எண் இருக்கிற நாற்காலியும் இல்லாத நாற்காலியும் ஒரே பெயரில் நிற்கும்.

போர்வைக்குப் பின்னால் இருந்த பெண்கள்

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லான்காஸ்டர் போர்வைகளின் கதை போதும். துணித்துண்டுகளை இணைத்து, பஞ்சு வைத்துத் தைக்கும் க்வில்ட் போர்வையை ஆமிஷ் மக்கள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கே அக்கம்பக்கத்தவரைப் பார்த்துக் கற்றார்கள். பூ, படம் எதுவும் இல்லாமல், அடர்ந்த ஒற்றை நிறங்களில் பெரிய சதுரமும் வைரமுமாக அவர்கள் தைத்தவை தனி அழகு. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது. அதன் பிறகு அருங்காட்சியகக்காரர்களும் சேகரிப்பாளர்களும் பழைய ஆமிஷ் போர்வைகளைத் தேடி வீடு வீடாக வர ஆரம்பித்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கும் ஆளுக்கொன்று வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கும் தைத்துக் கொடுக்க ஆமிஷ் பெண்களால் முடியுமா?

அந்த இடத்தை நிரப்பியவர்களில் முக்கியமானவர்கள் ஹ்மோங் பெண்கள். வியட்நாம் போருக்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து லான்காஸ்டரில் குடியேறியவர்கள். துணி மேல் துணி வெட்டி ஒட்டித் தைக்கும் நுண்ணிய வேலை அவர்கள் மரபிலேயே உண்டு. 1980களிலிருந்து லான்காஸ்டர் கடைகளுக்காக அவர்கள் ஏராளமான போர்வைகளைத் தைத்தார்கள். பல போர்வைகள் ஆமிஷ் போர்வை என்றே விலைபோயின. தையல் பிரமாதம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நன்றாகச் செய்த பொருளைத் தேடி வந்தவருக்கு நன்றாகச் செய்த பொருள்தான் கிடைத்தது. ஆனால் போர் முடிந்து மேக்கோங் ஆற்றைத் தாண்டி உயிரோடு வந்து, புது நாட்டில் விளக்கடியில் ஊசி பிடித்த பெண்ணின் பெயர் அந்தப் பரிவர்த்தனையில் எங்கேயும் இல்லை. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வாங்கியவரை ஏமாற்றியதைவிட, தைத்தவரை மறைத்தது பெரிய தப்பு என்று நினைக்கிறேன்.

அதே லான்காஸ்டர் மாவட்டத்தில் ஆக்ரன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து இதற்கு நேரெதிரான ஒரு பழக்கம் கிளம்பியது. மென்னோனைட்டுகள் ஆமிஷுக்கு உறவான கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களுடைய தொண்டு அமைப்பான மென்னோனைட் மத்தியக் குழுவில் பணியாற்றிய எட்னா ரூத் பைலர் என்ற பெண்மணி 1946இல் போர்ட்டோ ரிக்கோ போனார், அங்கே பூத்தையல் செய்யும் பெண்களின் வறுமையைப் பார்த்தார், அவர்கள் தைத்ததை வாங்கி வந்து தன் காரில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தெரிந்தவர்களிடம் விற்றார். அது வளர்ந்துதான் ‘டென் தவுசண்ட் வில்லேஜஸ்’ என்ற கைவினைப் பொருள் கடைகளாக ஆனது. அந்தக் கடைகளில் கூடையோ பானையோ எடுத்தால், எந்த நாட்டில் எந்தக் குழு செய்தது என்று சீட்டில் இருக்கும். இந்தியக் கைவினைக் குழுக்களின் பொருட்களும் அங்கே உண்டு. மென்னோனைட்டுகள் தாங்கள் செய்யாததைத் தாங்கள் செய்ததாகச் சொல்லாமல் விற்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஹோம்ஸுக்கு வடக்கே கிட்ரனில், 1955இல் மென்னோனைட்டான ஜே லேமன் தொடங்கிய லேமன்ஸ் கடையும் கிட்டத்தட்ட அப்படித்தான். சுற்றியிருந்த ஆமிஷ் வீடுகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கு, விறகடுப்பு, கையால் சுற்றும் மாவு யந்திரம் எல்லாம் வேண்டியிருந்தன. அதற்காகத் தொடங்கிய கடை. விளம்பரத்துக்காகச் சேர்த்த பழமை எதுவும் அதன் தொடக்கத்தில் இல்லை. தினமும் அதை வைத்துச் சமைக்கிற பெண் வாங்குகிற பொருள் அது. சரியில்லாவிட்டால் அடுத்த வாரமே வந்து சொல்லிவிடுவாள்.

விலை எதனால் அப்படி

பட்டறையில் விலை குறைவு என்றேன். அதற்கு முழுக் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நேர்த்தி மட்டும் அதற்குக் காரணம் இல்லை. சொந்தத் தொழில் செய்யும் ஆமிஷ்காரர்களுக்கு 1965லிருந்து சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கான வரியில் விலக்கு உண்டு. முதியவர்களையும் நோயாளிகளையும் சபையே பார்த்துக்கொள்ளும், அரசின் பணம் வேண்டாம் என்பது அவர்கள் நிலை. அந்தப் பலனையும் அவர்கள் வாங்குவதில்லை. ஆட்களை வேலைக்கு வைத்திருந்தால் என்ன என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு ஆமிஷ் தச்சர் தொடுத்த வழக்கில், ஆள் வைத்தால் வரி கட்டத்தான் வேண்டும் என்று 1982இல் தீர்ப்பு வந்தது. பிறகு 1988இல், முதலாளி தொழிலாளி இரண்டு பேரும் ஆமிஷாக இருந்தால் விலக்கு என்று நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. அப்புறம் படிப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளி முடிகிறது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது. பதினான்கு வயதுப் பையன் பட்டறைக்கு வருகிறான். 2004இல் வந்த ஒரு சட்டத்திருத்தம், 14 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் பெரியவர்கள் மேற்பார்வையில் மரப்பட்டறையில் வேலை செய்ய அனுமதித்தது. யந்திரங்களை மட்டும் இயக்கக் கூடாது.

ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கும் அந்த வயதுதான் இருக்கும். அதில் எனக்கு இரண்டு மனசு. பிள்ளைகளைப் படிக்க வைக்கவே கடல் தாண்டி வந்த வீடு என்னுடையது; எட்டாம் வகுப்போடு நிற்பதை என்னால் மனசார ஏற்க முடியவில்லை. அதே நேரம், அப்பாவின் கையைப் பார்த்தபடி தொழில் கற்கிற அவன் முகத்தில் இருந்த நிம்மதியையும் நான் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த நாற்காலியின் விலையில் வாங்குகிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அதே சிறிய சாலைகளில் நாய்க்குட்டி விற்பனைப் பலகைகளும் இருக்கும். ஹோம்ஸ் மாவட்டத்தில் நாய்களை வணிகத்துக்காக இனப்பெருக்கம் செய்யும் கொட்டில்கள் ஏராளம், அவற்றில் ஆமிஷ் பண்ணைகளும் நிறைய. விலங்குநல அமைப்புகளின் தொடர்ந்த புகாருக்குப் பிறகு ஓஹியோ 2012இல் ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது, 2018இல் அதைக் கடுமையாக்கியது. நாற்காலியைக் கவனத்தோடு செய்கிற சமூகத்தில்தான் இதுவும் நடக்கிறது. பெயரை மட்டும் நம்பினால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிடுவோம்.

கேட்க வேண்டியதும் பார்க்க வேண்டியதும்

ஷோரூமில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றாலும் பரவாயில்லை. ‘இது ஆமிஷா’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்ற பதில் தயாராக இருக்கும். எந்தப் பட்டறை, எந்த ஊர், ஆடினால் யார் சரிசெய்வார் என்று கேளுங்கள். நேர்மையான வணிகர்கள் தயங்காமல் ஊரைச் சொல்வார்கள்; சிலர் பட்டறைக்கே போய்ப் பார்க்கச் சொல்லி வழியும் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு சுற்றி வளைத்தால் நான் வெளியே வந்துவிடுவேன்.

அப்புறம் குனிந்து மேசைக்கு அடியில் பாருங்கள். திட மரம் மூச்சு விடும். இங்கே கோடையில் காற்றில் ஈரம், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீடே வறண்டுவிடும். 6 முதல் 8 சதவீத ஈரத்துக்கு உலையில் காயவைத்த ஓக் பலகைகூட அகலவாட்டில் கொஞ்சம் விரிந்து சுருங்கத்தான் செய்யும். அதனால் மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கிப் பசை போட்டு ஒட்டியிருந்தால் ஒரு நாள் வெடிக்கும். நகர இடம் விட்டு, நீளத் துளையில் திருகியோ கிளிப் போட்டோ பிடித்திருக்க வேண்டும். இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்து மூலையைப் பாருங்கள். புறாவால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம், யந்திரம் அதை நொடியில் வெட்டித்தள்ளும். பின்பலகையும் அடிப்பலகையும் என்ன மரம், மரத்தூளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். யாரும் பார்க்காத பக்கத்தில் உப்புத்தாள் தேய்த்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். வார்னிஷ் பெரும்பாலும் ரசாயனம் கலந்து தெளிக்கும் கடினமான பூச்சுதான், பாட்டி காலத்து எண்ணெய் இல்லை. சூடான பாத்திரம், தயிர், மஞ்சள் எல்லாம் படுகிற நம் சாப்பாட்டு மேசைக்கு அதுதான் சரி. ஆனாலும் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டில் மஞ்சளைக் கரைத்துப் பூசி இரவு முழுக்க வைத்துப் பார்த்துவிடுங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள்.

பட்டறைக்கே போவதென்றால் ஞாயிறு கிடையாது என்பது தெரிந்ததுதான். ஜனவரி 6 பழைய கிறிஸ்துமஸ், ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள் வரும் விண்ணேற்ற வியாழன், அக்டோபர் 11 உபவாச நாள், இவற்றிலும் கதவு பூட்டியிருக்கும். இலையுதிர்கால வண்ணம் பார்க்க எல்லோரும் கிளம்புகிற நேரத்தில்தான் அந்த அக்டோபர் நாள் வரும். பல இடங்களில் கார்டு எடுக்க மாட்டார்கள், செக் அல்லது பணம். பாதையோரம் சின்னக் கூண்டில் தொலைபேசி இருக்கும். செய்தி விட்டால் மறுநாளோ அதற்கு மறுநாளோ கூப்பிடுவார்கள். ஆட்களைப் படம் எடுக்க வேண்டாம், பொருளை எடுக்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஆர்டர் கொடுத்தால் மூன்று நான்கு மாதம் ஆகும். மேசை போடும் அறையின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வாசல் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், அதை அவர்கள் முதலிலேயே கேட்பார்கள்.